இருட்டுத் தொட்டி

தொட்டியைத் தூக்கிக்கொண்டு பொடிசு அறைக்குள் நுழைந்தபோது அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தான். பொடிசு அவனுடைய மகள். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள், அம்மாவின் தோளுக்கு வளர்ந்துவிட்டாள், ஆனாலும் பிறந்தபோது ஒட்டிக்கொண்ட செல்லப்பெயர் இன்னும் உதிரவில்லை. கதவைக் கொஞ்சமாகத் திறந்து, உடம்பைப் பக்கவாட்டில் நுழைத்து, தண்ணீர் தளும்பாமல், வெறுங்காலால் தரையைத் துழாவித் துழாவி வந்தாள். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவிலிருந்த ஸ்டூலின்மேல் தொட்டியை வைத்துக் கறுப்புத் துணியைப் போர்த்தினாள். போகிற போக்கில், அவன் காலைவிட்டு விலகிக் கிடந்த போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போனாள். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. அதன் கீலுக்கு வாரம் தவறாமல் எண்ணெய் விடுவது அவன் மனைவி. அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான்.

அவன் தூங்கவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த அறையில் அவன் பகலில் தூங்கி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

வேலை என்னவோ ராத்திரி வேலைதான். ஊருக்கு வெளியே பழங்களும் காய்களும் அடுக்கி வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் ஆபரேட்டர். முன்பெல்லாம் அது உண்மையிலேயே ஆளை உருக்கும் வேலையாக இருந்தது. தடித்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, மணிக்கொரு தரம் ஒவ்வொரு அறையாகப் போய், டிகிரி பார்த்து, வால்வைத் திருகிவிட்டு வரவேண்டும். காலையில் வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட கையோடு சாய்ந்துவிடுவான். அப்புறம் முதலாளி ஒரு புது மெஷின் வாங்கி மாட்டினார். டிகிரியை அதுவே பார்த்துக்கொள்ளும், வால்வையும் அதுவே திருகும், ஏதாவது ஏறுமாறாகப் போனால் சைரன் அடிக்கும். மாட்டியதிலிருந்து ஒரே ஒரு தடவைதான் அடித்திருக்கிறது, அதுவும் எலி வயரைக் கடித்ததால். ஆக, அவனும் கூட ராத்திரி வேலை பார்க்கும் மெக்கானிக்கும் பேனல் அறையில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்துப் படுத்துக்கொள்வார்கள். கம்ப்ரஸர் சத்தம் தாலாட்டு மாதிரி. மெக்கானிக்கின் குறட்டை மட்டும்தான் தொந்தரவு, அதுவும் போகப்போகப் பழகிவிட்டது. விடிந்ததும் முகம் கழுவி, கண்ணை நன்றாகக் கசக்கிச் சிவக்க வைத்துக்கொண்டு கிளம்புவான்.

மெஷின் வந்த புதிதில், வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தான். படியேறும்போதே மனைவி மேலிருந்து வாயில் விரல் வைத்துப் பக்கத்து வீட்டுக் குழந்தைகளை அதட்டிக்கொண்டிருந்தாள். அறைக்குள் ஜன்னலுக்குத் தடித்த திரை இழுத்துவிட்டிருந்தது, தலையணை தட்டிப் போட்டிருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தான். யாரும் கூப்பிடவில்லை. கேஸ் தீர்ந்துபோனதும், குழாய் ஒழுகியதும், மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதும் கதவுக்கு வெளியே தானாக நடந்து முடிந்துவிட்டன. இத்தனை வயதுக்கு இப்படி ஒரு நிம்மதி அவனுக்கு வாய்த்ததில்லை. அந்த 'நாளைக்கு' அப்படியே நீண்டுகொண்டு போயிற்று.

அவன் மனைவி தையல்காரி. பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று வந்ததை எல்லாம் தைப்பாள். தையல் மெஷின் சத்தம் சுவரைத் தாண்டும் என்று அதை வீட்டுக்கு வெளியே, மாடிப்படி திரும்புகிற இடத்துக்கு நகர்த்திவிட்டாள். அங்கே வெளிச்சம் போதாது. தையலுக்கென்று ஆசையாக வாங்கிய தகரக் குடை போட்ட மேஜை விளக்கை மாட்ட அங்கே பிளக் பாயின்ட்டும் கிடையாது. அதனால் விளக்கு அறையிலேயே தங்கிவிட்டது. அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அவன் துப்பறியும் நாவல் படித்தான். கதவிடுக்கில் வெளிச்சம் கசியாமல் இருக்க, அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்திருந்தான். துப்பறியும் நாவல் படிப்பவனுக்கு இந்த மாதிரி யோசனைகளுக்குக் குறைச்சல் இல்லை. யாராவது வரும் அரவம் கேட்டால் துண்டைக் காலால் இழுத்துவிட்டு விளக்கை அணைக்க அவனுக்கு ஒரு மூச்சு நேரம் போதும்.

இந்த நிலவரத்தில்தான் தலைப்பிரட்டைகள் வந்து சேர்ந்தன. பொடிசின் அறிவியல் டீச்சர் கொடுத்த வேலை அது. ஒரே குட்டையில் பிடித்த தலைப்பிரட்டைகளை இரண்டு வெள்ளைத் தொட்டிகளில் பிரித்துவிட வேண்டும். இரண்டுக்கும் ஒரே தண்ணீர், ஒரே அளவு வேகவைத்த கீரை, ஏறி உட்கார ஒரு கல். ஒன்று வெளிச்சத்தில், இன்னொன்று இருட்டில். எது முதலில் பின்னங்கால் விடுகிறது, எது பெரிதாகிறது என்று பார்க்க வேண்டும். தவளைக்குத் தவளை இது மாறும், புத்தகத்திலேயே ஒவ்வொன்றுக்கு ஒவ்வொரு மாதிரி போட்டிருக்கிறது, அதனால் நீங்களே பார்த்துவந்து சொல்லுங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நன்றாகச் செய்பவருக்கு மாவட்டக் கண்காட்சியில் இடம். இருட்டுக்கு எங்கே போவது என்று மற்ற பிள்ளைகள் அலமாரியையும் அட்டைப்பெட்டியையும் தேடிக்கொண்டிருக்க, பொடிசு மட்டும் பெருமையோடு வந்தாள்.

"எங்க அப்பா ரூம் மாதிரி இருட்டு யார் வீட்டுலயும் இருக்காதுன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்மா" என்று சமையலறையில் அவள் சொன்னது இவனுக்குக் கேட்டது. சொன்னதும் காதோடு காதாகத்தான். அந்த வீட்டில் சந்தோஷம், சண்டை எல்லாமே காதோடு காதாகத்தான் நடந்தன. மிச்சமிருந்த லைனிங் துணியை இரண்டாக மடித்து, ஓரம் அடித்து, தொட்டிக்கு அளவெடுத்து மூடி தைத்துக் கொடுத்தாள் அம்மா. ஒரு தொட்டி சமையலறை ஜன்னலுக்குப் போனது. இன்னொன்று இவனிடம் வந்தது.

சில நாள் அவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஒரு நாள், கொலையாளி யாரென்று தெரிய நாலைந்து பக்கம் இருக்கும்போது, துணிக்கு அடியிலிருந்து மெல்லிய ஒரு சத்தம் வந்தது. யாரோ உதட்டைக் குவித்துத் திறப்பதுபோல. அவன் துணியைத் தூக்கி விளக்கைத் திருப்பினான். அத்தனையும் ஒருமிக்கச் சிதறி ஓடி அடியில் பதுங்கின. அப்புறம் ஒவ்வொன்றாக மேலே வந்து, காற்றை ஒரு வாய் கவ்விக்கொண்டு இறங்கின. அவனுக்கு அவற்றின்மேல் பாவமாக இருந்தது. தனக்கு இது கேட்டு வாங்கிக்கொண்ட இருட்டு, அவற்றுக்கோ கேட்காமல் வந்து மாட்டிக்கொண்ட இருட்டு என்று தோன்றியது. கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்று துணியை அன்று மத்தியானம்வரை அப்படியே விட்டுவிட்டான். பள்ளி விடுகிற நேரத்துக்குத்தான் மூடினான்.

மறுநாளும் திறந்தான். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் கதவு சாத்தியதும் முதல் வேலை துணியை எடுப்பது. நாவல் கவிழ்ந்தே கிடந்தது. வாலின் அடியில் ஊசி முனை அளவுக்குக் கால் முளைத்ததை வீட்டிலேயே முதலில் பார்த்தவன் அவன்தான். ஒன்று மட்டும் மற்றதை இடித்துத் தள்ளிக்கொண்டு கீரையிடம் போகும். அதற்கு மெக்கானிக் என்று பேர் வைத்தான். கொஞ்ச நாளில் தொட்டியின் உள்சுவரில் பச்சையாக ஒரு படலம் படர்ந்தது. அதை அவை வாயால் சுரண்டிச் சுரண்டித் தின்கிற அழகை, மடையன், கன்னத்தில் கைவைத்து ரசித்துக்கொண்டிருந்தான். அது ஏன் பச்சையாகிறது என்று ஒரு தடவைகூட அவனுக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் எத்தனை கொலை வழக்கில் கடைசிப் பக்கத்துக்கு முன்பே ஆளைக் கண்டுபிடித்தவன்.

பொடிசுக்கு எதுவும் தெரியாது. இடையில் வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தால் சோதனை கெட்டுவிடும் என்று ஒரே பிடியாக இருந்தாள். சாயங்காலம் வருவாள், துணிக்கு அடியில் கையைவிட்டுக் கீரையைப் போடுவாள், கோப்பையால் பாதித் தண்ணீரை மொண்டு மாற்றுவாள், எல்லாம் கண் தெரியாத இருட்டில். ஒரு தடவை இடறி ஸ்டூலில் முழங்காலை நன்றாக இடித்துக்கொண்டாள். ஒரு சத்தம் வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, வலி அடங்கும்வரை அங்கேயே குந்தியிருந்துவிட்டுப் போனாள். அவன் மூடிய கண்ணோடு, மூச்சை ஒரே சீராக விட்டுக்கொண்டிருந்தான்.

பள்ளியில் காட்ட வேண்டிய நாளன்று அம்மாவும் மகளும் ஆளுக்கொரு தொட்டியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். தான் வந்து தூக்கட்டுமா என்று படுக்கையிலிருந்து கேட்கலாமா என்று யோசித்தான். தூக்கத்தில் இருப்பவன் எப்படிக் கேட்பது?

திரும்பி வந்தது எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம். படியில் காலடி கேட்டதும் விளக்கை அணைத்துப் படுத்தான். கதவுக்கு வெளியே விசும்பல். பொடிசு விக்கி விக்கிச் சொன்னதை ஒட்டுப்போட்டு அவன் புரிந்துகொண்டான். வகுப்பு முழுக்கச் சுற்றி நிற்க, டீச்சர் கறுப்புத் துணியை எடுத்திருக்கிறார். தொட்டிச் சுவர் பச்சைப் பசேல் என்று இருந்திருக்கிறது. இருட்டில் பாசி பிடிக்காது, இது நல்ல வெளிச்சத்தில் இருந்த தொட்டி என்று சொல்லியிருக்கிறார். இவள் இல்லவே இல்லை என்று சாதித்திருக்கிறாள். தெரியாமல் தப்பு நடந்திருந்தால் ஒத்துக்கொள், பொய் மட்டும் வேண்டாம் என்றாராம் டீச்சர். பின்வரிசையில் ஒருவன் பொய்க்காரி என்று சொல்ல, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். கண்காட்சி இடமும் வேறொருத்திக்குப் போய்விட்டது.

"எங்க அப்பா பகல் பூரா அங்கதான் தூங்கறாரு, அவரையே வேணா கேளுங்கன்னு சொன்னேன்மா. அப்பவும் நம்பல."

சற்றுக் கழித்துக் கதவு திறந்தது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி மட்டும் உள்ளே வந்து, ஸ்டூலில் வைத்தாள். கதவு வழியாக வந்த வெளிச்சத்தில் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றாள் போலிருக்கிறது. மொட்டைமாடியில் மூடி உடைந்த தண்ணீர் டிரம்மை மாதாமாதம் பாசி போகத் தேய்த்துக் கழுவுகிறவள் அவள். பக்கத்திலேயே மூடி உள்ள டிரம் சுத்தமாக இருக்கும். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. அவன் கண்ணை மூடியபடி காதைத் தீட்டிக்கொண்டான். இரண்டடி நடந்தாள். விளக்கின் தகரக் குடையில் வளையல் பட்டு ஒரு சின்னச் சத்தம். குடை இன்னும் சுட்டிருக்கும். அப்புறம் குனிந்து, கட்டிலுக்கடியில் விரித்துக் கவிழ்த்திருந்த நாவலை எடுத்தாள். அவன் மூச்சைச் சீராக விட முயன்றான், அது அவனுக்கு வரவில்லை. அவள் புத்தகத்தை மூடித் தலையணை ஓரம் வைத்துவிட்டு வெளியே போனாள். பிறகு எடுத்துப் பார்த்தபோது, விட்ட பக்கத்தில் தையல் நாடா ஒரு துண்டு வைத்திருந்தது.

வெளியே அவள் மகளிடம் சொன்னது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.

"நான்தான்டி. மத்தியானத்துல ஊசியில நூல் கோக்க கண்ணு தெரியல. உள்ள போயி அந்த விளக்க போட்டுக்குவேன். உன் தொட்டி ஞாபகமே இல்ல எனக்கு."

பிறகு பொடிசு கேட்டாள், "அப்பா தூங்கறப்பவா லைட்டு போட்ட? அவர் தூக்கம் கெட்டிருக்குமேம்மா."

கட்டிலில் படுத்திருந்தவனுக்கு உடம்பு கூசியது. எழுந்துபோய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே படுத்திருந்தான். தினமும் எழுந்திருக்கிற நேரத்துக்குத்தான் எழுந்தான், தினமும் விடுகிற கொட்டாவியையும் விட்டான். அந்தக் கொட்டாவியை நினைத்துப் பிறகு அவன் தன்னையே காறித் துப்பிக்கொள்ளாத குறை. பொடிசு அம்மாவிடம் பேசாமல், அவள் போட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மனைவி நிமிர்ந்து ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

அன்றைக்குக் கிடங்கில் அவன் நிஜமாகவே கண் அசரவில்லை. காலையில் கண்ணைக் கசக்க வேண்டிய வேலை மிச்சம். வீட்டுக்கு வந்தபோது மனைவி மாடிப்படித் திருப்பத்தில் கடைசிச் சீருடைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். இதை முடித்துவிட்டுப் பள்ளிக்குப் போய் டீச்சரிடம் தன் தப்புதான் என்று சொல்லிவிட்டு வரப் போவதாகச் சொன்னாள். ஊசியை விளக்கில்லாத அந்த மங்கலில் கண்ணுக்கு மிக அருகில் பிடித்திருந்தாள்.

"நான் போறேன்" என்றான் அவன்.

"நீங்க போயிப் படுங்க. தூக்கம் கெட்டா உடம்புக்கு ஆகாது."

தினமும் சொல்கிற அதே வார்த்தை, அதே குரல். குத்திக் காட்டுகிறாளா என்று உற்றுப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போனான். திரை இழுத்துவிட்டிருந்தது, தலையணை தட்டிப் போட்டிருந்தது. விளக்கைத் தூசி துடைத்து, வயரைச் சிக்கெடுத்து, கை எட்டுகிற தூரத்தில் வைத்திருந்தாள். கதவோரத்தில் அந்தத் துண்டுகூடத் துவைத்து மடித்திருந்தது. அவனால் அந்தக் கட்டிலில் உட்காரக்கூட முடியவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றாமலே தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். அவன் தாண்டிப் போவதற்காக மனைவி முழங்காலை ஒதுக்கிக்கொண்டாள்.

தெருவில், பள்ளிக்குக் கிளம்பியிருந்த பொடிசு பக்கத்தில் நடந்து வந்தாள். பஸ்ஸும் லாரியும் இரைச்சலாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் ஏதோ சொல்ல, கேட்கவில்லை என்று அவன் குனிந்தான். "தூங்காம வர்றீங்களேப்பா, தலை வலிக்கலையா?" என்று காதருகே கேட்டாள். இத்தனை சத்தத்திலும் அவனிடம் பேசும்போது அவளுக்கு அந்தக் குரல்தான் வந்தது. அவளுக்கு வேறு குரல் உண்டா என்றே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பள்ளி வாசலில் தோழி ஒருத்தியைப் பார்த்ததும் அவள் போட்ட கூப்பாடு அவனைத் தூக்கிவாரிப் போட்டது.

டீச்சர் இளவயதுக்காரர், ஆய்வுக்கூட மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொட்டியை ஜன்னலோரம் வைக்கச் சொன்னார். அவன் துணியை எடுத்துக் கையில் மடித்து வைத்துக்கொண்டான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் வாசல்வரை இருந்தது, உள்ளே வந்ததும் பாதி ஓடிவிட்டது.

"இவ மேல தப்பு இல்லைங்க. நான்தான் வெளிச்சம் போட்டேன். தூக்கம் வராத நாள்ல கொஞ்ச நேரம்..."

டீச்சரின் முகம் இளகியது. ராத்திரி வேலை என்றால் கஷ்டம்தான், அவருடைய அண்ணனும் இப்படித்தான் தூக்கமில்லாமல் அவதிப்படுகிறார் என்றார். பொடிசு மெல்ல அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். "பாவம்ப்பா நீங்க" என்றாள். இதோடு நிறுத்திக்கொண்டு போய்விடலாம். பொடிசு பொய்க்காரி இல்லை என்று ஆகிவிட்டது. அவனும் பாவப்பட்ட அப்பாவாகவே வீடு போகலாம். படித் திருப்பத்தில் முழங்காலை ஒதுக்கிக்கொண்டவளுக்கும் அவனுக்கும் மட்டும் மிச்சம் தெரிந்திருக்கும். அவள் பிடித்திருந்த விரல் அவனுக்குச் சுட்டது.

"இல்லைங்க" என்றான். "தினமும்தான். காலைலேருந்து இவ ஸ்கூல் விட்டு வர்றவரைக்கும். பகல்ல நான் தூங்கறதே இல்ல. ராத்திரி அங்கயே தூங்கிடறேன். ஒரு வருஷமா. இவ அம்மா சொன்னதும் பொய்தான், எனக்காக சொன்னது."

டீச்சர் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அவனைப் பார்க்காமல், வகுப்பில் தான் சொல்லிவிடுவதாகவும், கண்காட்சிப் பெயரைப் பற்றித் தலைமையாசிரியையிடம் கேட்பதாகவும் சொன்னார். பிறகு, சாக்பீஸ் எடுத்து வரவேண்டும் என்று வெளியே போய்விட்டார். மேஜையிலேயே ஒரு பெட்டி சாக்பீஸ் இருந்தது.

பொடிசு அவன் விரலை விட்டிருந்தாள். எப்போது விட்டாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. தொட்டியருகே போய்க் கன்னத்தை விளிம்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள். வெளியே மைதானத்தில் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் முழங்காலில் ஸ்டூல் இடித்த தழும்பு பழுப்பாகத் தெரிந்தது. அவன் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அப்ப நாங்க எதுக்குப்பா மெதுவா பேசினோம்?"

அதையும் அவள் காதோடு காதாகத்தான் கேட்டாள்.

அவன் மடித்த துணியை இன்னொரு மடிப்பு மடித்தான். தொட்டியில், மெக்கானிக் என்று அவன் பேர் வைத்தது நாலு காலும் முளைத்து, பாதி வாலோடு, பாசி படிந்த கல்லின்மேல் ஏறித் தண்ணீருக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் முழுக்க அதன்மேல் விழுந்தது. கண்ணைக்கூட இமைக்காமல், தொண்டை மட்டும் துடிக்க, அது அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.